உதடு முந்துது, குரல் பிந்துது: ஒலிப்பதிவில் இரண்டு கடிகாரப் பிரச்னை

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவுடன் பலரும் ஆசையாகச் செய்து பார்க்கும் வேலைகளில் ஒன்று ஒலிப்பதிவு. யு.எஸ்.பி. மைக் ஒன்றைச் செருகி, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி புரோகிராமை இன்ஸ்டால் செய்து, சிவப்பு பட்டனை அழுத்தினால் போதும். கூடவே மொபைல் போனில் வீடியோவும் எடுத்துக்கொண்டு, பிறகு இரண்டையும் சேர்த்துவிடலாம் என்று நினைப்போம். ஐந்து நிமிடப் பதிவில் இது அழகாக வந்துவிடும். அரை மணி நேரத்தைத் தாண்டும்போதுதான் வில்லங்கம் தெரியும். ஆரம்பத்தில் சரியாக இருந்த படமும் ஒலியும், போகப் போக ஒன்றை ஒன்று விட்டு விலகிவிடும்.

நான் ஒரு சாப்ட்வேர் என்ஜினியர். ஆனாலும் இந்தப் பிரச்னையில் நன்றாக மாட்டிக்கொண்டு விழித்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்தே இதை விளக்குகிறேன்.

அப்பாயி பாடிய நடவுப் பாட்டு

2023 பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, என் அப்பாயி பாடும் நடவுப் பாட்டுகளையும் தாலாட்டுகளையும் பதிவு செய்ய உட்கார்ந்தேன். லேப்டாப்பில் யு.எஸ்.பி. மைக். எதிரே ஸ்டூலில் என் மொபைல் போன், வீடியோவுக்காக. போனின் மைக்கில் மின்விசிறிச் சத்தமும் தெருச் சத்தமும் நிறைய விழும் என்பதால், குரலுக்கு லேப்டாப் பதிவு, முகத்திற்கு போன் வீடியோ என்று திட்டம். ஐம்பது நிமிடத்திற்குக் கொஞ்சம் குறைவாகப் பாடினார், பேசினார். இரண்டு பைல்களையும் ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

அதே ஆண்டு ஐப்பசியில் அப்பாயி காலமாகிவிட்டார். அடுத்த ஆண்டு முதல் நினைவு நாளுக்கு எல்லோரும் கூடும்போது போட்டுக் காட்டலாம் என்று அந்தப் பைல்களை வெளியே எடுத்தேன். எடிட்டிங் புரோகிராமில் இரண்டையும் வைத்து, ஆரம்பத்தைப் பொருத்திவிட்டு, முதல் சில நிமிடங்களை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். மிகச் சரியாக இருந்தது. முதலில் அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். முதல் இருபது நிமிடம் கண் கலங்கப் பார்த்துக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னப்பா இது, டப்பிங் படம் மாதிரி இருக்கு? அம்மா வாய மூடுன பெறகுல்ல சத்தம் வருது" என்றார்.

உண்மைதான். கடைசித் தாலாட்டில் உதடு முந்திக்கொண்டது. குரல் பின்னால் வந்தது. மறுபடி பாடச் சொல்ல ஆள் இல்லை. இருக்கிற பதிவைத்தான் சரி செய்தாக வேண்டும்.

தாமதமா, விலகலா?

இதைச் சரி செய்ய நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். ஒலியை மவுசால் பிடித்துக் கொஞ்சம் முன்னால் இழுத்தேன். கடைசிப் பாட்டு சரியாகிவிட்டது. ஆனால் முதல் பாட்டில் உதடு அசைவதற்கு முன்பே குரல் வந்தது. பின்னால் தள்ளினால் ஆரம்பம் சரி, முடிவு தவறு.

இதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய முதல் அடையாளம். ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே அளவில் ஒலி முன்பின்னாக இருந்தால் அது வெறும் தாமதம். புளூடூத் ஹெட்போனில் படம் பார்க்கும்போது வருவது அந்த வகை. மொத்தமாக நகர்த்தினால் சரியாகிவிடும். ஆனால் வித்தியாசம் நேரம் ஆக ஆக வளர்ந்துகொண்டே போனால் அது விலகல். இரண்டு சாதனங்களின் கடிகாரங்கள் இரண்டு வேகத்தில் ஓடியிருக்கின்றன என்று பொருள். இதை எவ்வளவு நகர்த்தினாலும் தீராது.

மைக்குக்குள் கடிகாரமா?

ஆமாம். கம்ப்யூட்டர் ஒலியைத் தொடர்ச்சியாகப் பதிவு செய்வதில்லை. மைக்கிலிருந்து வரும் மின் அலையை வினாடிக்கு இத்தனை முறை என்று அளந்து, அந்த எண்களைச் சேமிக்கிறது. ஒவ்வொரு அளவும் ஒரு சாம்பிள். வினாடிக்கு எத்தனை சாம்பிள் என்பதே சாம்பிள் ரேட். ஆடியோ சிடிக்கு இது 44,100. வீடியோக்களுக்குப் பொதுவாக 48,000. சிடிக்கு ஏன் இந்த விசித்திரமான எண் என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் பதிந்தார்கள். படத்தின் கோடு ஒவ்வொன்றிலும் 3 சாம்பிள் வீதம், வினாடிக்கு 60 புலங்களில் 245 கோடுகள் என்று வைத்தால் 44,100 வருகிறது. 50 புலங்களில் 294 கோடுகள் என்று வைத்தாலும் அதே எண்தான்.

சரி, ஒரு வினாடி ஆகிவிட்டது என்று மைக்குக்கு யார் சொல்வது? அதற்குள் இருக்கும் குவார்ட்ஸ் கிரிஸ்டல். அழுத்தினால் மின்சாரம் தரும் தன்மை குவார்ட்ஸ் போன்ற படிகங்களுக்கு உண்டு என்று பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் 1880-இல் கண்டுபிடித்தார்கள். அதன் மறுபக்கமாக, மின்சாரம் கொடுத்தால் குவார்ட்ஸ் துண்டு குறிப்பிட்ட வேகத்தில் அதிரும். உங்கள் கைக்கடிகாரத்தில் இருப்பது வினாடிக்கு 32,768 முறை அதிரும் கிரிஸ்டல். ஒலிக் கருவிகளில் பெரும்பாலும் வினாடிக்கு 2 கோடியே 45 லட்சத்து 76 ஆயிரம் முறை அதிரும் கிரிஸ்டலைப் பயன்படுத்துகிறார்கள். அதை 512-ஆல் வகுத்தால் சரியாக 48,000 கிடைக்கும்.

பிரச்னை இங்கேதான். உங்கள் யு.எஸ்.பி. மைக்கில் ஒரு கிரிஸ்டல் இருக்கிறது. லேப்டாப்பின் சொந்த ஒலிப்பகுதி இன்னொரு கிரிஸ்டலை நம்பி ஓடுகிறது. போனுக்குள் இருப்பது வேறொன்று. மூன்றிலும் "48,000" என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் எந்த இரண்டு கிரிஸ்டலும் அச்சு அசலாக ஒரே வேகத்தில் அதிர்வதில்லை. வெட்டிய விதம், வயது, சூடு எல்லாம் வேகத்தை மாற்றும்.

இரண்டு கடையிலும் "ஒரு படி" என்று எழுதிய படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நூலளவு பெரியது. ஒரு படி அரிசி வாங்கினால் வித்தியாசம் தெரியாது. ஒரு வண்டி நெல்லை அளந்தால் தெரிந்துவிடும். நீண்ட ஒலிப்பதிவு அந்த வண்டி நெல் போன்றது.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

வீட்டு உபயோகக் கருவிகளில் வரும் கிரிஸ்டல்கள் பத்து லட்சத்தில் 20 முதல் 50 பங்கு வரை கூடவோ குறையவோ ஓடுவது சகஜம். ஒரு கருவி 50 பங்கு வேகமாகவும் இன்னொன்று 50 பங்கு மெதுவாகவும் ஓடினால் மொத்த வித்தியாசம் 100 பங்கு. ஒரு மணி நேரத்துக்கு 3,600 வினாடி. அதில் பத்து லட்சத்துக்கு 100 என்றால் 0.36 வினாடி.

இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஆனால் நம் கண்ணும் காதும் கறார் பேர்வழிகள். ஒலிபரப்புத் துறைக்காக பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி படத்தைவிட 45 மில்லி வினாடி முந்தினாலோ 125 மில்லி வினாடி பிந்தினாலோ பார்ப்பவருக்குத் தெரிய ஆரம்பிக்கும். பிந்துவதை நாம் கொஞ்சம் அதிகமாகவே பொறுத்துக்கொள்கிறோம். தூரத்தில் துணி துவைப்பவர் அடிப்பதை முதலில் கண்ணால் பார்த்து, பிறகு சத்தத்தைக் கேட்டுப் பழகியவர்கள் அல்லவா நாம்?

என் பதிவில் அத்தை ஏன் இருபது நிமிடம் கழித்துக் கண்டுபிடித்தார் என்பது இப்போது புரிகிறது. பத்து லட்சத்துக்கு 100 பங்கு வீதம் 125 மில்லி வினாடி சேர, 1,250 வினாடி ஆகும். அதாவது 20 நிமிடம் 50 வினாடி.

இன்டர்நெட்டில் டைம் சரி செய்தால் போதாதா?

அலுவலகத்தில் சர்வர்களின் நேரத்தை இன்டர்நெட் வழியாக ஒன்றாக வைத்திருப்பது எங்களுக்குத் தினசரி வேலை. அதனால் இந்தக் கேள்வி எனக்கும் வந்தது. பதில்: போதாது. விண்டோஸ் மூலையில் தெரியும் மணி ஒரு கடிகாரம். அதை இன்டர்நெட் சர்வருடன் எத்தனை முறை ஒப்பிட்டாலும் அது மணியைத்தான் திருத்தும். மைக்குக்குள் சாம்பிள் எண்ணும் கிரிஸ்டலை அது தொடுவதே இல்லை. வாசலில் தொங்கும் கடிகாரத்தைத் திருத்தினால் சமையலறைக் கடிகாரம் மாறாது அல்லவா?

வேறு இரண்டு சந்தேகங்கள்

கிரிஸ்டல் மீது பழி போடுவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

ஒன்று, சாம்பிள் ரேட் செட்டிங். 48,000-இல் பதிந்ததை 44,100 என்று நினைத்து ஒரு புரோகிராம் ஓட்டினால், ஒரு மணி நேரப் பதிவு 65 நிமிடம் 18 வினாடிக்கு இழுக்கும். குரலும் கனத்துவிடும். ஆக, வித்தியாசம் நிமிடக் கணக்கில் இருந்தால் அது செட்டிங் தவறு. வினாடிக்கும் குறைவாக இருந்தால் கிரிஸ்டல் விலகல். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று சென்று உங்கள் மைக்கின் பெயரை கிளிக் செய்திடுங்கள். ஃபார்மேட் என்ற இடத்தில் 48,000 ஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஆடாசிட்டியின் ப்ராஜக்ட் சாம்பிள் ரேட்டையும் அதே எண்ணுக்கு மாற்றுங்கள்.

இரண்டு, போன் வீடியோ. பல போன்கள் வெளிச்சத்திற்கும் வேலைப் பளுவிற்கும் ஏற்ப வினாடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கும். சில எடிட்டிங் புரோகிராம்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்ளும். போன் தானே பதிந்த ஒலியும் எடிட்டரில் படத்தை விட்டு விலகினால் காரணம் இதுதான். ஹேண்ட்பிரேக் என்ற இலவச புரோகிராமில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் என்பதைத் தேர்ந்தெடுத்து வீடியோவை மாற்றிக்கொண்டு பிறகு எடிட் செய்திடுங்கள்.

பதிவு ஆன பிறகு சரி செய்வது எப்படி?

இரண்டு பதிவிலும் கேட்கும் கூர்மையான சத்தம் இரண்டு வேண்டும். ஒன்று ஆரம்பத்தில், ஒன்று முடிவில். சினிமாவில் கிளாப் அடிப்பது இதற்காகத்தான். நான் எதையும் அடிக்கவில்லை. தேடியபோது கிடைத்தது இது: ஆரம்பத்தில் அப்பாயி தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைத் தரையில் வைத்த சத்தம். கடைசியில் சித்தப்பா வாசல் கதவின் தாழ்ப்பாளைத் திறந்த சத்தம். அன்று அவர் சத்தம் போட்டு வந்ததற்கு முறைத்தேன். அந்தச் சத்தம்தான் கடைசியில் காப்பாற்றியது.

1. போன் வீடியோவில் உள்ள ஒலியையும் மைக் பதிவையும் ஆடாசிட்டியில் தனித்தனி டிராக்குகளாகத் திறந்திடுங்கள். வீடியோவின் ஒலியை நேரடியாகத் திறக்க முடியாவிட்டால், எஃப்எஃப்எம்பெக் என்ற துணை புரோகிராமை இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

2. போன் டிராக்கில் முதல் சத்தம் தொடங்கும் இடத்திலிருந்து இரண்டாம் சத்தம் தொடங்கும் இடம் வரை எத்தனை வினாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக ஜூம் செய்து பாருங்கள். எனக்கு 2,850.00 வினாடி வந்தது.

3. மைக் டிராக்கிலும் அதே இரண்டு சத்தங்களுக்கு இடையில் அளந்திடுங்கள். எனக்கு 2,850.29 வினாடி. அதாவது மைக்கின் கிரிஸ்டல் போனைவிட வேகமாக ஓடி, கூடுதல் சாம்பிள்களை எண்ணியிருக்கிறது. அவற்றைச் சாதாரண வேகத்தில் ஓட்டும்போது நேரம் நீண்டு, குரல் பிந்துகிறது.

4. 0.29-ஐ 2,850-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 0.010 சதவீதம். மைக் டிராக் முழுவதையும் செலக்ட் செய்து, எஃபெக்ட் மெனுவில் சேஞ்ச் ஸ்பீட் என்பதை கிளிக் செய்திடுங்கள். புதிய பதிப்புகளில் இதன் பெயர் சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச். சதவீதக் கட்டத்தில் 0.010 என்று கொடுத்து ஓகே செய்திடுங்கள். உங்கள் மைக் பதிவு போனைவிடக் குறைவான நீளம் என்றால், எண்ணுக்கு முன் கழித்தல் குறி போட வேண்டும்.

5. இப்போது முதல் சத்தத்தைப் பொருத்துங்கள். கடைசிச் சத்தம் தானாகப் பொருந்தும். பொருந்திய மைக் டிராக்கை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து, எடிட்டரில் வீடியோவின் பழைய ஒலிக்குப் பதிலாக வைத்திடுங்கள். மூலப் பைல்களை அழிக்காமல் வைத்திருங்கள்.

வேகத்தை மாற்றினால் சுருதி மாறாதா? மாறும். ஆனால் ஒரு சுரத்திற்கும் அடுத்த அரைச் சுரத்திற்கும் இடையில் கிட்டத்தட்ட 6 சதவீத வித்தியாசம் இருக்கிறது. நாம் மாற்றுவது 0.01 சதவீதம். அதில் 600-இல் ஒரு பங்கு. எந்த வித்வானுக்கும் தெரியாது.

வெறும் பேச்சுப் பதிவு என்றால் சுலபமான வழி ஒன்றும் உண்டு. பேச்சு நிற்கும் இடங்களில் ஒலியைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் தனியாக நகர்த்திப் பொருத்தலாம். இடைவிடாத பாட்டுக்கு இது உதவாது.

பதியும்போதே "டிக்" சத்தம் வருகிறதா?

இதுவும் அதே நோயின் இன்னொரு முகம். யு.எஸ்.பி. மைக்கில் பேசுகிறீர்கள், அதை உடனுக்குடன் லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் கேட்கிறீர்கள். உள்ளே வருவது ஒரு கிரிஸ்டலின் வேகம். வெளியே போவது இன்னொரு கிரிஸ்டலின் வேகம். நடுவில் இருக்கும் பஃபர் என்னும் தற்காலிக நினைவகம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி. மோட்டார் ஏற்றுவது குழாயில் இறங்குவதைவிடத் துளி அதிகமாக இருந்தால் தொட்டி ஒரு நாள் வழியும். குறைவாக இருந்தால் ஒரு நாள் வற்றும்.

பத்து லட்சத்துக்கு 100 பங்கு வித்தியாசம் என்றால் வினாடிக்கு 4.8 சாம்பிள் மிஞ்சும். பஃபரில் மீதி இருக்கும் இடம் 480 சாம்பிள், அதாவது 10 மில்லி வினாடி, என்று வைத்தால் 100 வினாடியில் நிறைந்துவிடும். எதையாவது தூக்கி எறிந்தால்தான் வேலை நடக்கும். அப்போது கேட்பதுதான் அந்த "டிக்". பஃபரைப் பெரிதாக்கினால் "டிக்" தள்ளிப் போகுமே தவிர ஒழியாது, தாமதம்தான் கூடும்.

இன்டர்நெட்டில் பேசும் புரோகிராம்களிலும் இரண்டு பக்கமும் வெவ்வேறு கிரிஸ்டல்கள்தான். அவை பேச்சின் நடுவில் வரும் மௌனங்களைக் கொஞ்சம் நீட்டியும் சுருக்கியும் சமாளித்துவிடுகின்றன. நமக்குத் தெரிவதில்லை.

தீர்வு: தாளம் ஒருவர் கையில்

கச்சேரியில் எத்தனை பேர் வாசித்தாலும் தாளம் ஒன்றுதான். ஆளுக்கொரு தாளம் போட்டால் என்ன ஆகும்? ஒலிப்பதிவிலும் ஒரே கடிகாரம் தலைமை ஏற்க வேண்டும். மற்றவை அதைப் பின்பற்ற வேண்டும். வீட்டில் செய்யக்கூடியவை இவை:

* உங்கள் யு.எஸ்.பி. மைக்கிலேயே ஹெட்போன் துளை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். புரோகிராமிலும் பதிவு, ஒலிப்பு இரண்டிற்கும் அதே சாதனத்தைத் தேர்ந்தெடுங்கள். பழைய டிராக்கைக் கேட்டுக்கொண்டே மேலே பாடிப் பதிபவர்களுக்கு இது மிக முக்கியம்.

* இரண்டு மைக் தேவை என்றால் இரண்டு யு.எஸ்.பி. மைக் வாங்காதீர்கள். இரண்டு மைக் செருகும் வசதியுள்ள ஒரே ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குங்கள். இரண்டுக்கும் ஒரே கிரிஸ்டல்.

* மேக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் ஆடியோ மிடி செட்டப் புரோகிராமில் பல சாதனங்களைச் சேர்த்து அக்ரிகேட் டிவைஸ் ஒன்றை உருவாக்கலாம். அதில் ஒன்றை கிளாக் சோர்ஸ் ஆக்கி, மற்றவற்றிற்கு டிரிஃப்ட் கரெக்‌ஷன் என்ற கட்டத்தில் டிக் செய்திடுங்கள். நாம் ஆடாசிட்டியில் செய்த வேலையை அது ஓடும்போதே செய்யும்.

* இரண்டு இன்டர்ஃபேஸ்களை எஸ்பிடிஃப் என்னும் டிஜிட்டல் கேபிளால் இணைத்தால், ஒன்றின் கிளாக் சோர்ஸை இன்டர்னல் என்றும் மற்றொன்றை எஸ்பிடிஃப் என்றும் வைத்திடுங்கள். அந்தக் கேபிளில் ஒலியோடு தாளமும் சேர்ந்தே வருகிறது. இரண்டும் இன்டர்னல் என்றால் மறுபடி "டிக்" தான்.

* கேமராவில் மைக் துளை இருந்தால் மைக்கை நேராகக் கேமராவிலேயே செருகுங்கள். படமும் ஒலியும் ஒரே கருவியில் ஒன்றாகவே பதிவாகும்.

* தனித்தனியாகப் பதிந்தே ஆக வேண்டும் என்றால், ஆரம்பத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை, கேமராவுக்குத் தெரியும்படி கை தட்டுங்கள். ஆரம்பத்தில் மட்டும் தட்டினால் தாமதத்தை மட்டும்தான் கண்டுபிடிக்க முடியும். விலகலைக் கண்டுபிடிக்க இரண்டாவது தட்டல் வேண்டும்.

நினைவு நாளன்று டிவியில் அந்த வீடியோவை முழுவதும் ஓட்டினோம். கடைசித் தாலாட்டு வந்தபோது அத்தை திரும்பி என்னைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்து, சித்தப்பா தாழ்ப்பாளைத் திறக்கும் சத்தமும் கேட்டது.

உங்கள் வீட்டிலும் பதிய வேண்டிய குரல் ஒன்று இருக்கும். இந்த வாரமே பதிந்துவிடுங்கள். ஸ்டாப் பட்டனை அழுத்துவதற்கு முன் மறக்காமல் ஒருமுறை கை தட்டுங்கள்.